பஸ்ஸுக்கு வர்ற பி

ஜெரினாக்காவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். தலையில் தூக்கி வைத்துப் பேசினாலும் வரும். கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நின்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் நானே எழுதிவிடுகிறேன், இதற்கு மேல் யாரும் என் வாயைக் கிளற வேண்டாம்.

என் பெயர் ஆன்சி. ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினொரு வருஷமாக மெஷின் முன்னால் நிற்கிறேன். அதே கடையில், வாசலை ஒட்டிய மேஜையில், கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவர் ஜெரினாக்கா. பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். பத்தாவது படிப்பு, டைப்ரைட்டிங்கில் லோயர். மனு டைப் அடிக்கத்தான் வேலைக்கு வந்தார். நெட்டில் தேடிக்கொடுக்கிறவர் என்ற பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அது ஒட்டிய கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காசிமேட்டுப் பையன்கள் நாலு பேர் கப்பல் வேலைக்கு மனு அடிக்க வந்தார்கள். கம்பெனி தளத்தில் பெரிய ஆபீஸ் படம், கோட்டு போட்ட மேனேஜர் படம் எல்லாம் இருந்தது. அக்கா மனுவை அடிக்கவில்லை. அந்த ஆபீஸ் படத்தை மட்டும் எடுத்து, இதே படம் வேறு எங்கே இருக்கிறது என்று தேடினார். எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு ஓட்டலின் வரவேற்பறை அது. பையன்கள் முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள். மறுநாளிலிருந்து கடை வாசலில் ஜெராக்ஸுக்கு நிற்கிறவர்களைவிட ஜெரினாக்காவுக்கு நிற்கிறவர்கள் அதிகம்.

அவர் தேடுகிற விதமே வேறு. நம்மாட்கள் கம்ப்யூட்டரிடம் பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பது மாதிரிக் கேட்பார்கள். என் பையன் மார்க் என்ன ஆச்சு, என் பட்டா எங்கே போச்சு. அக்கா சிரிப்பார். நீ கேட்கிற மாதிரி எழுதாதே, பதில் எழுதினவன் எப்படி எழுதியிருப்பான் என்று யோசி, அவன் வாயில் வருகிற வார்த்தையைப் போடு என்பார். தேவையில்லாத வார்த்தைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு அதை வெளியே தள்ளுவார். அரசாங்கத் தளத்தில் மட்டும் தேடு, பிடிஎஃப் மட்டும் காட்டு, இந்த வருஷத்துக்கும் அந்த வருஷத்துக்கும் நடுவில் உள்ளதை மட்டும் கொடு என்று கம்ப்யூட்டரை வேலை வாங்குவார். அழிந்துபோன தளமாக இருந்தால் அதன் பழைய பிரதி எங்கே கிடக்கிறது என்று தோண்டுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே அவர் நம்பினது மேற்கோள் குறியை. அதற்கு அவர் வைத்த பெயர் கொக்கி. ஹார்பர் பக்கத்திலேயே வளர்ந்தவருக்கு வேறு என்ன பெயர் வாயில் வரும்? பேருக்கு ரெண்டு பக்கமும் கொக்கி போடு என்பார். கொக்கி போட்டால் அந்த எழுத்து அச்சு அசலாக இருக்கிற பக்கம் மட்டும்தான் வரும், ஒரு எழுத்து பிசகினாலும் வராது. குப்பையெல்லாம் தானாக விழுந்துவிடும்.

எழுத்து பிசகும் என்பது அவருக்குத் தெரியாதா என்றால், அவரைவிட யாருக்குத் தெரியும்? அவர் பெயரே ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி. யாராவது சௌக்கத் என்று வந்தால் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஏழு விதமாக எழுதி, ஏழுக்கும் கொக்கி போட்டுத் தேடுவார். இத்தனையும் தெரிந்த பொம்பளைதான் கோட்டை விட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

பூவம்மா கடைக்கு முதல்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ஒரு ஆபீஸில் துப்புரவு வேலை. புருஷன் லட்சுமணன் மணலியில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் லோடுமேன். வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை, போன் அணைந்து கிடந்தது. ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு, ஆம்பளை கோபித்துக்கொண்டு எங்கேயாவது போயிருப்பான், வருவான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாலாம் நாள் அவள் புருஷன் போட்டோவோடு எங்கள் கடைக்கு வந்தாள். காணவில்லை என்று போட்டு ஐம்பது காப்பி எடுத்தேன். காப்பியை வாங்கி மடித்துக்கொண்டு, இப்படியே பெரியாஸ்பத்திரி பிணக்கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்றாள். 

ஜெரினாக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னாத்துக்குப் பொணக்கூடம் பொணக்கூடமா அலையப் போற? அடையாளம் தெரியாத பொணத்தையெல்லாம் இப்ப நெட்ல ஏத்திர்றாங்க. நான் பாத்துச் சொல்றேன். நீ இங்கியே உக்காரு."

இரக்கத்தில் சொன்னார். அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அங்க அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இடது கையில் தன் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறது என்றாள் பூவம்மா. கல்யாணமான புதிதில் திருவொற்றியூர்த் தேருக்குப் போனபோது லட்சுமணன் குத்திக்கொண்டு வந்ததாம். தமிழில்தான் குத்தியிருந்தது. சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று முகத்தில் ஒரு வெட்கம்.

"கைல தான்கா பூவம்மான்னு கீது. வாயில ஒரு நாளும் அப்டி வராது. பஸ்ஸுக்கு வர்ற பி போட்டு, பூவாம்மா, பூவாம்மானு தான் கூப்புடும். பூவா போடறவளாம் நானு."

எங்கள் பக்கத்தில் சோற்றுக்குப் பூவா என்று பெயர். பூவில் வருகிற பூ இல்லை, பஸ், பீடி என்கிறபோது உதடு அழுந்துமே, அந்தச் சத்தம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அவள் சொன்னதைக் கேட்டு ஜெரினாக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். புருஷன் காணாமல் போன நாலாம் நாளில் பூவம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் அக்கா தேடினார். போலீஸ் போட்டிருந்த பட்டியல் முழுக்க ஆங்கிலம், நூற்றுக்கணக்கான பக்கம், நிறையப் பதிவில் படமும் இருந்தது. அக்கா பக்கத்தைப் புரட்டவில்லை. ஆதார் கார்டில் இருந்தபடியே பூவம்மாவின் பெயரை அடித்துக் கொக்கி போட்டார். வரவில்லை. ரெண்டு ஓ-வை எடுத்துவிட்டு யூ போட்டார். ஒரு எம்மைக் குறைத்தார். கடைசியில் ஒரு எச் சேர்த்தார். ஆறு விதம் போட்டார், ஆறும் போலீஸுக்கு வருகிற பி. பூ என்றால் மலர்தானே, அதற்கு வேறு எந்த பி வரும் என்று அவர் மண்டை நினைத்துக்கொண்டுவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை.

திரும்பி உட்கார்ந்து, "லிஸ்ட்ல இல்ல. லிஸ்ட்ல இல்லன்னா உசுரோட கீறாருன்னு அர்த்தம். போ, புள்ளைக்குச் சோறாக்கு" என்றார்.

பூவம்மா அவர் கை இரண்டையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனாள்.

மூன்று வருஷம் ஓடியது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மத்தியானம் பூவம்மா வருவாள். இன்னொரு தபா பாருக்கா என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். அக்காவும் சளைக்கவில்லை. லட்சுமணன் போட்டோவைப் போட்டு அதே முகம் எங்கேயாவது வருகிறதா என்று பார்ப்பார். ரயிலேறி எல்லை தாண்டியிருப்பாரோ என்று ஆந்திரா பக்கத்து முதியோர் இல்லங்கள், மனநலக் காப்பகங்கள், அன்னதானப் பந்தியில் எடுத்த படங்கள் என்று ஒன்று விடாமல் தேடுவார். லட்சுமணன் என்ற பெயரைத் தெலுங்கில் எப்படி எழுதுவார்கள் என்று கேட்டுவந்து அதற்கும் கொக்கி போட்டார். அந்தப் பெயர் எங்கேயாவது புதிதாக ஏறினால் தன் போனுக்கு மணி அடிக்கிற மாதிரி செய்து வைத்திருந்தார். எந்த லட்சுமணனுக்கோ மணி அடிக்கும். இருவரும் பரபரவென்று பார்ப்பார்கள், யாரோ ஒரு ஆள் இருப்பான்.

பூவம்மா பூ வைப்பதை விடவில்லை. சொந்தக்காரர்கள் போதும் என்றார்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மகள் எழில்மொழிக்கு வயது வந்தபோது சடங்கை அப்பா வந்ததும் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். யார் என்ன கேட்டாலும் அவளிடம் ஒரே பதில், லிஸ்டில் இல்லை. அக்கா வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் வாழ்ந்தாள். எங்கள் கடைக்கு அவள் வருகிற பஸ் மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவரை ஒட்டித்தான் வரும்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. புளியந்தோப்பிலிருந்து பீம்ராவ் என்று ஒருவர் வந்தார். கிரேன் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். மூடிப்போன ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவர், பழைய தேர்ச்சிப் பட்டியலில் தன் பெயர் வேண்டும் என்றார். அழிந்துபோன தளத்தின் பழைய பிரதியை அக்கா தோண்டி எடுத்துவிட்டார். பீம்ராவ் என்று அடித்துக் கொக்கி போட்டார், இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டார், இல்லை. உங்க பேரு இதுல இல்லண்ணே என்று முடிக்கப் போனார்.

அவர் எழுந்திருக்கவில்லை. இந்தத் தொல்லை வாழ்நாள் பூரா அனுபவித்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மேடம், நீங்க பஸ்ஸுக்கு வர்ற பி போட்டுகினு கீறீங்க. தமிழ்ல எழுதிக் குடுத்தத பாத்து எவனாவது போலீஸுக்கு வர்ற பி போட்டிருப்பான். அத்தப் போட்டுப் பாருங்க."

அக்கா போட்டார். மூன்றாவது பக்கத்தில் அவர் பெயர் வந்து நின்றது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அடுத்த ஆளின் ஆதாரை மெஷினில் வைத்தேன். அக்கா அடுத்தவரைக் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் கையை விசைப்பலகை மேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, புதிதாக டைப் அடிக்கப் பழகுகிறவர் மாதிரி, அழுத்தினார். கொக்கி போட்டார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஆன்சி, இங்க வா" என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு பதிவு. அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் நாற்பத்தைந்து. எண்ணூர் போகிற சாலையில் சனிக்கிழமை விடியற்காலை கண்டெய்னர் லாரி மோதி இறந்தவர். ஊதாக் கட்டம் போட்ட சட்டை. இடது முன்கையில் பச்சை குத்திய பெயர், பஸ்ஸுக்கு வருகிற பி-யில் ஆரம்பித்து, பூவம்மா. படம் ஏற்றப்படவில்லை. எழுதின போலீஸ்காரர் நம்ம பக்கத்து ஆளாக இருக்க வேண்டும், பச்சையைப் படித்ததும் அவர் காதில் சோறுதான் கேட்டிருக்கிறது. பட்டியலில் ஏற்றின தேதி திங்கட்கிழமை. நாங்கள் தேடினது செவ்வாய்க்கிழமை. பெரியாஸ்பத்திரி பிணக்கூடத்தில் வைத்திருந்தும் யாரும் உரிமை கோராததால் அதற்கடுத்த வாரம் புதன்கிழமை மூலக்கொத்தளத்தில் புதைத்தாயிற்று என்று கீழே ஒரு வரி இருந்தது.

எட்டு நாள். அவள் போகக் கிளம்பின அதே ஆஸ்பத்திரியில் அந்த மனுஷன் அதற்கப்புறமும் எட்டு நாள் கிடந்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கடையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்தினேன். கொக்கியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், அந்த வாரத்துப் பதிவை ஒவ்வொன்றாகப் புரட்டியிருந்தால் அரை மணி நேர வேலைதானே, ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் படமெல்லாம் பாக்கறதுக்கு எனக்கு பயம், ஆன்சி. பேரு போட்டா பாக்க வேண்டியதில்லன்னு தான் பேரு போட்டேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? நானும் பக்கத்தில்தான் நின்றேன். பஸ்ஸுக்கு வர்ற பி என்று அவள் சொன்னபோது நானும்தான் சிரித்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு நாள் நான் ஒரு கேடுகெட்ட யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டாம், அவள் நம்பிக்கையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அக்கா கேட்கவில்லை. இல்லை என்று தன் வாய்தான் சொன்னது, இருக்கிறது என்றும் தன் வாய்தான் சொல்ல வேண்டும் என்றார். சனிக்கிழமை காலையில், பூவம்மா கடைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே, நாங்கள் வியாசர்பாடிக்குப் போய்விட்டோம்.

அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அக்கா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார், தன் தப்பையும் மறைக்கவில்லை. பூவம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று. எட்டு நாள் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நான் அன்னிக்கி அங்க தான் கெளம்பினேன்" என்றாள்.

அவள் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைக்கூட அவள் எங்களுக்குக் கொடுக்கவில்லை.

ஸ்டேஷனில் கோப்பைத் தேடி எடுக்கப் பத்து நாள் ஆனது. சட்டைப் படம் அதில் இருந்தது. மூன்றாவது பட்டனைப் பச்சை நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோய்த் தைத்தேன் என்றாள் பூவம்மா. மூலக்கொத்தளத்தில் காவலாளி ஒரு பக்கத்தைக் காட்டி, கேட்பாரற்றதையெல்லாம் அந்த வரிசையில்தான் போடுவோம், இடம் போதாமல் மேலேயே திரும்பவும் தோண்டுவோம், எது எது என்று சொல்ல முடியாது என்றார். அங்கே யாருக்கோ போட்ட மாலை வாடாமல் கிடந்தது. பூவம்மா அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சும்மா இருந்த மண்ணில் நின்றாள். எழில்மொழி அம்மா முதுகுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து ஜெரினாக்கா கொக்கி போடுவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பொய். போடுகிறார். ஆனால் ஒன்றும் வராதபோது முன்பு மாதிரி இல்லை என்று சொல்வதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை என்று சொல்கிறார். யாராவது காணாமல் போனவரைத் தேடி வந்தால், பட்டியலை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்க்கிறார். பார்த்து முடிக்கிற வரைக்கும் யாரோடும் பேசமாட்டார், மத்தியானம் சாப்பிடவும் மாட்டார். வந்தவர்களிடம், நீங்க ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய்ப் பாத்துருங்க என்று மறக்காமல் சொல்லி அனுப்புகிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். இறப்புச் சான்றிதழுக்குப் போன இடத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. கோப்பில் இருக்கிற பெயருக்கு ஒரு பி, ஆதாரில் இருக்கிற பெயருக்கு வேறு பி. கையில் குத்தியிருந்தது இந்தப் பொம்பளையின் பெயர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் அடித்து, நோட்டரி கையெழுத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள்.

பூவம்மா எங்கள் கடைக்குத்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்? பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலையில் பூ இல்லை. அக்கா ஆங்கிலத்தில் அடித்தார், நான் பிரின்ட் எடுத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இதில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் படித்துச் சொல்லு என்றாள்.

அக்கா காகிதத்தை வாங்கி முக்கியமான வரியில் விரலை வைத்தார். அப்புறம் படித்தார்.

"பூவம்மா என்பவரும் பூவம்மா என்பவரும் ஒருவரே."

பூவம்மா பேனாவை எடுத்தாள். கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இத்தத் தான்கா நான் அன்னிக்கே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."